முதல் போன் யாருக்கு?

நான் பயிற்சிக்குப் போன கம்பெனியில் ஒருநாள் லினக்ஸ் சர்வர் படுத்துவிட்டது. சம்பளப் பட்டியல் நின்றது. டேட்டாபேஸ்காரர், "கோளாறு லினக்ஸ்ல" என்றார். லினக்ஸ்காரர், "மெஷினைப் பாருங்க" என்றார். மெஷின்காரரோ டேட்டாபேஸைக் கைகாட்டினார். நடுவில் நான் திருதிருவென முழித்தேன்!

இதற்கு மருந்துதான் கூட்டு சப்போர்ட். 1999-இல் எஸ்.ஏ.பி. நிறுவனம் தன் ஆர்/3 வணிக மென்பொருளை லினக்ஸுக்குக் கொண்டுவந்தபோது, ஜெர்மனியின் வால்டோர்ஃபில் 'லினக்ஸ் லேப்' அமைத்து, சர்வர் கம்பெனி, லினக்ஸ் கம்பெனி இன்ஜினியர்களையும் அங்கேயே உட்கார வைத்தது. கூட்டு சப்போர்ட்டில் புகாரை ஓரிடத்தில் சொன்னால் போதும். கோளாறு யாருடையது என்று அவர்களே பேசித் தீர்ப்பார்கள். ஆனால், சான்று பெற்ற பதிப்புகளுக்கு மட்டுமே இது செல்லும்.

ஆகவே சர்வர் வாங்குமுன் கேளுங்கள்: "பழுதானால் முதல் போன் யாருக்கு?" பதில் எழுத்தில் இருக்கட்டும்!