டீசல் வானுக்கு ஏற்ற எஞ்சின் எண்ணெயைத் தெரிந்தெடுத்தல்

மரக்கறிச் செய்கையாளரும் நெற்செய்கையாளரும் தம் விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டுசெல்வதற்கு இன்று பெரும்பாலும் டீசல் வான்களையும் சிறு லொறிகளையுமே நம்பியிருக்கின்றனர். நுவரெலியாவில் ஏற்றப்பட்ட லீக்ஸும் கோவாவும் வாடுமுன் தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தை அடைதல் வேண்டும். வழியில் எஞ்சின் இறுகி நின்றுவிடின், ஒரு போகத்தின் இலாபம் ஓரிரவிலேயே போய்விடும். 2020ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025ஆம் ஆண்டிலேயே பெரும்பாலும் மீள அனுமதிக்கப்பட்டமையால், கமக்காரரிடம் உள்ள வான்களிற் பல வயது முதிர்ந்தவை. அவற்றின் எஞ்சினைப் பேணுதல் முன்னரிலும் அவசியமாயுள்ளது.

எஞ்சின் கெடுவதற்குக் காரணங்கள் பலவாயினும், அவற்றுள் எளிதில் தவிர்க்கக்கூடியது பொருந்தாத எண்ணெயை ஊற்றுதலாகும். “நல்ல டீசல் ஒயில் ஒன்று” என்று கேட்டு, கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதை வாங்கிச் செல்வதே பலரின் வழக்கம். எண்ணெய்க் கலனின் முகப்பிற் பெரிதாக அச்சிடப்பட்டிருக்கும் ‘சூப்பர்’, ‘பிரீமியம்’ போன்ற சொற்கள் எஞ்சினுக்கு எதனையும் உறுதி செய்வதில்லை. ‘சின்தெற்றிக்’ என்னும் சொல்லும் எண்ணெய் எதிலிருந்து ஆக்கப்பட்டது என்பதைக் கூறுமேயன்றி, எந்த எஞ்சினுக்கு உரியது என்பதைக் கூறாது. கமக்காரர் பார்க்க வேண்டியவை, சிறிய எழுத்தில் உள்ள இரண்டு குறிகளாகும்.

தடிப்பைக் காட்டும் குறி

முதலாவது குறி 15டபிள்யூ-40 என்பது போன்றது. டபிள்யூ என்னும் ஆங்கில எழுத்து மாரிகாலத்தைக் குறிக்கும். அதற்கு முன்னுள்ள எண், குளிரில் எண்ணெய் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதைக் காட்டும். எண் குறையக் குறைய, கடுங்குளிரிலும் எண்ணெய் இலகுவாக ஓடும். பின்னுள்ள எண், எஞ்சின் சூடேறிய பின்னர் எண்ணெய் எவ்வளவு தடிப்பாக நிற்கும் என்பதைக் காட்டும். உறைபனி விழும் நுவரெலியாவின் தை மாதக் காலையிலும் 15டபிள்யூ எண்ணெய் தடையின்றி ஓடும். ஆதலால், இலங்கையில் எஞ்சினைக் காப்பதில் பின்னுள்ள எண்ணுக்கே முக்கியத்துவம் அதிகம். பாரம் ஏற்றி மலையேறும் பழைய வான்களுக்கு 40 என்பது பொதுவாகப் பொருத்தமானது. எனினும் 30க்கென அமைக்கப்பட்ட புதிய எஞ்சினில் அதனிலும் தடித்ததை ஊற்றுதல் நன்மையன்று. அதன் ஒடுக்கமான வழிகளுக்கூடாக எண்ணெய் செல்வதற்குத் தாமதமாகும். தேய்ந்த எஞ்சினின் புகையைக் குறைப்பதற்கெனத் தடித்த எண்ணெய் ஊற்றுவோரும் உளர். அது நோயை மறைக்குமேயன்றித் தீர்க்காது.

தரவகுப்பைக் காட்டும் குறி

பலரும் கவனியாது விடுவது இரண்டாவது குறியையே. ஆயினும் டீசல் எஞ்சினின் ஆயுளை நிர்ணயிப்பது பெரும்பாலும் இதுவே.

டீசல் எரியும்போது கரி உண்டாகின்றது. அதன் ஒரு பகுதி பிஸ்டன் வளையங்களைக் கடந்து எண்ணெயில் வந்து சேரும். டீசலில் உள்ள கந்தகமும் எரிந்து, நீராவியுடன் கூடி அமிலமாகின்றது. டீசல் எண்ணெயிற் சேர்க்கப்படும் சில பொருட்கள் கரித்துகள்கள் ஒன்றோடொன்று கூடாவண்ணம் பிரித்து வைக்கின்றன. வேறு சில, காரத்தன்மையுடையனவாதலால் அமிலத்தை முறிக்கின்றன. இவை குறைவாயின், கரி சேறாகித் திரளும். அமிலம் பெயரிங்குகளை அரிக்கும். எண்ணெய் மாற்றிச் சில நாட்களிலேயே கறுத்துவிட்டது எனக் கலங்குவோர் உளர். அவ்வாறு கறுத்தல், எண்ணெய் கரியைத் தன்னுள் ஏந்தித் தன் வேலையைச் செய்கின்றது என்பதற்கே அடையாளம். கறுப்பைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. பால்போல் வெளுத்திருப்பின் நீர் கலந்துள்ளது என அறிந்து உடனே கராஜுக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

அமெரிக்கப் பெற்றோலிய நிறுவகத்தின் வகுப்புகள் ஏ.பி.ஐ. என்னும் எழுத்துக்களுடன் கலனிற் காணப்படும். அடுத்து ‘எஸ்’ என்னும் எழுத்து வரின் பெற்றோல் எஞ்சினுக்கும், ‘சி’ வரின் டீசல் எஞ்சினுக்கும் உரியது. இரண்டும் சேர்ந்துள்ள எண்ணெயும் உண்டு. ‘எஸ்’ மாத்திரம் உள்ளதை டீசல் வானுக்கு வாங்குதல் கூடாது. ‘சி’யை அடுத்துவரும் எழுத்து அகரவரிசையிற் பின்செல்லச் செல்ல வகுப்பும் புதியதாகும். சி.டி. 1955ஆம் ஆண்டிலும், சி.எச்.-4 1998ஆம் ஆண்டிலும், சி.ஐ.-4 2002ஆம் ஆண்டிலும், சி.கே.-4 2016ஆம் ஆண்டிலும் வந்தவை. 1994ஆம் ஆண்டுக்குப் பின்னர் செய்யப்பட்ட டீசல் எஞ்சின்களிற் பெரும்பாலானவற்றுக்குச் சி.டி. பொருந்தாது என அந்நிறுவகமே அறிவித்துள்ளது. அவ்வாறிருந்தும் மலிவு கருதி அதனை வாங்குவோர் உளர். டேர்போ பொருத்திய வானில் இச்சிக்கனம் மிகவும் நட்டமானது. டேர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேலாகச் சுழல்வது. அதனைத் தாங்கி நிற்பது மெல்லிய எண்ணெய்ப் படலமே.

இரு சில்லு உழவு இயந்திரத்துக்கென வாங்கிய எண்ணெயை வானுக்கும் ஊற்றலாமா என்பது கமக்காரரிடையே வழங்கும் ஒரு கேள்வி. இயந்திரத்தின் பெயரைக் கொண்டன்றிக் குறியைக் கொண்டே இதனை முடிவு செய்தல் வேண்டும். 40 என்னும் தனியெண்ணும் பழைய வகுப்பும் உள்ள எண்ணெய், டேர்போ வானுக்கு ஆகாது. மறுதலையாக, வானுக்குரிய 15டபிள்யூ-40 எண்ணெயை உழவு இயந்திரத்தின் கைந்நூல் அனுமதிக்குமாயின், இரண்டுக்கும் அதனையே வாங்கலாம்.

கரிவடி உள்ள வான்கள்

ஜப்பானிலிருந்து வந்த பிற்கால வான்கள் பலவற்றின் புகைக்குழாயிற் கரியைப் பிடிக்கும் வடியொன்று உண்டு. கராஜ்களில் இது டி.பி.எப். எனப்படும். இவ்வடியிற் சேரும் கரி சூட்டினால் எரிந்துபோம். ஆனால் எண்ணெய் எரிவதால் உண்டாகும் சாம்பல் எரியாது அங்கேயே தங்கி, காலப்போக்கில் வடியை அடைத்துவிடும். மேலே கூறப்பட்ட காரப்பொருட்களே அச்சாம்பலைத் தருவன. ஆகவே பழைய வானுக்கு நன்மை செய்யும் எண்ணெய், வடியுள்ள வானுக்குத் தீமை செய்தல் கூடும்.

ஜப்பானியத் தரமாகிய ஜாசோவில், டி.எல்.-1 என்பது வடியுள்ள சிறு டீசல் வாகனங்களுக்குரிய குறைசாம்பல் எண்ணெய், டி.எச்.-1 என்பது வடியில்லாதவற்றுக்குரியது. வடியுள்ள வானின் கைந்நூல் டி.எல்.-1 எனக் கூறின், விலை கூடியதெனினும் அதனையே வாங்குதல் வேண்டும். அத்தகைய வானுக்குக் கந்தகம் குறைந்த சூப்பர் டீசலே ஏற்றது. வடியில்லாத பழைய வானிற் சாதாரண டீசல் ஊற்றுவோருக்குக் காரம் மிகுந்த சி.எச்.-4 அல்லது சி.ஐ.-4 எண்ணெய் போதுமானது. சி.கே.-4 அதனிலும் புதியதேயெனினும், கந்தகம் மிகுந்த டீசலுடன் உபயோகிக்கையில் அதனை மாற்றும் இடைவெளியைக் குறைக்க நேரிடும்.

வடியுள்ள வானைத் தோட்டத்துக்கும் வீட்டுக்கும் இடையே மாத்திரம் சிறுதூரம் ஓட்டின், கரி எரிவதற்கு வேண்டிய சூடு உண்டாகாது. அதனை எரிக்க எஞ்சின் கூடுதலாகச் செலுத்தும் டீசல், சிலவேளை எண்ணெயிற் கலந்துவிடும். அளவுக்கோலில் எண்ணெயின் மட்டம் குறையாது உயர்ந்து, டீசல் நாற்றமும் வீசுமாயின், தவணை வருமுன்னரே எண்ணெயை மாற்றுதல் வேண்டும்.

மாற்றும் தவணை கைந்நூலில் உண்டு. பாரம், புழுதி, மலைப்பாதை ஆகியவற்றுக்கெனப் பெரும்பாலான கைந்நூல்கள் குறுகிய தவணையொன்றைத் தனியே குறித்துள்ளன. கமக்காரரின் வான் அத்தவணைக்கே உரியது. ஒவ்வொரு முறையும் ஒயில் பில்டரையும் மாற்றுதல் வேண்டும். கைந்நூல் இல்லாதவிடத்து, எஞ்சின் இலக்கத்தைக் காட்டி உரிய முகவரிடம் கேட்டறியலாம். வடித்தெடுத்த பழைய எண்ணெயைக் கிணற்றருகிலோ வாய்க்காலிலோ ஊற்றலாகாது. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் நிலத்தில் அது விரைவில் நிலத்தடி நீரைச் சென்றடையும். மூடியுள்ள கலனிற் சேர்த்துவைத்து, பழைய எண்ணெய் ஏற்கும் சேவை நிலையத்தில் ஒப்படைத்தல் வேண்டும்.