அனிச்சையா, தன்னிச்சையா?

ஆசிரியர் நண்பர்களே, "சூடு பட்டதும் தன்னிச்சையாகக் கையை இழுத்தான்" என்று மாணவர் எழுதினால் சரி போடுவீங்களா?

நம்ம லாயாங் லாயாங் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தெரிந்த உதாரணம் செம்பனை முள். குத்தியதும் கை பட்டென்று பின்வாங்கும். யோசிச்சு இழுக்கிறது இல்லை. குத்திய சேதி நரம்பு வழியாகத் தண்டுவடத்துக்குப் போகும். மூளையின் உத்தரவுக்குக் காத்திராமல் அங்கிருந்தே தசைக்குக் கட்டளை திரும்பிவிடும். வலியை உணர்வது அதற்குப் பிறகுதான்.

இதற்கு ஆங்கிலத்தில் 'ரிஃப்ளெக்ஸ்' என்று பெயர். 'பின்னோக்கி வளைதல்' என்ற பொருளுடைய லத்தீன் வேரிலிருந்து வந்த சொல். முதலில் ஒளி பட்டுத் திரும்புவதைக் குறித்தது. 1833இல் ஆங்கிலேய மருத்துவர் மார்ஷல் ஹால் தண்டுவடத்தின் செயலை விளக்கிய கட்டுரையால் மருத்துவத்தில் வேரூன்றியது.

தமிழில் இது அனிச்சைச் செயல். அன் + இச்சை, அதாவது விருப்பம் இன்றி நடப்பது. 90ஆம் குறளில் வரும் அனிச்சப் பூவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. தன்னிச்சை என்பதோ தன் + இச்சை, தன் விருப்பப்படி செய்வது. நேர் எதிர்ப்பொருள்!

இலங்கைப் பாடநூல்களில் 'தெறிவினை' என்பார்கள். பட்டுத் தெறித்துத் திரும்பும் வினை. ஆங்கிலச் சொல்லின் கருத்துக்கு இது நெருக்கம். அனிச்சை என்பது மனத்தின் பக்கமிருந்து பார்க்கிறது.

வகுப்பில் இந்த இரண்டு வாக்கியங்களையும் கரும்பலகையில் எழுதிப் போடுங்க:

தூசி வந்ததும் கண் அனிச்சையாக மூடியது.
யாரையும் கேட்காமல் தன்னிச்சையாக முடிவெடுத்தான்.

வேறுபாட்டை மாணவர்களே சொல்லட்டும்.