மாணவர் சங்கங்களும் ஆண்டுப் பதிவும்

ஜொகூர் மாநிலத்தின் இரு பெரிய அரசுப் பல்கலைக்கழகங்களும் தொழில்நுட்பக் கல்விக்கென எழுந்தவை. ஸ்கூடாயிலுள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 1972-இல் தேசியத் தொழில்நுட்பக் கழகமாகி, 1975-இல் இன்றைய பெயரைப் பெற்றது. பத்து பஹாட்டை அடுத்த பாரிட் ராஜாவிலுள்ள துன் உசேன் ஓன் மலேசியப் பல்கலைக்கழகம் 1993-இல் பாலிடெக்னிக் ஆசிரியர்களுக்கான பயிற்சி மையமாகத் தொடங்கி, 2007-இல் முழுப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1956 முதல் இயங்கிவரும் இந்திய ஆய்வியல் துறையைப் போன்ற துறை இவ்விரண்டிலும் இல்லை. ஆகவே குளுவாங்கிலோ சிகாமட்டிலோ தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டுப் பொறியியல் பயில வரும் மாணவருக்கு வளாகத்திற்குள் தமிழோடு உறவு நீடிக்க வேண்டுமானால், அதற்கு வழி பெரும்பாலும் மாணவர் சங்கமே. அந்தச் சங்கமோ ஆண்டுதோறும் தன் பதிவைப் புதுப்பித்துக்கொண்டால்தான் மண்டபம் கேட்கவும், நிதி ஒதுக்கீடு பெறவும், பல்கலைக்கழகத்தின் பெயரைத் தன் பெயரோடு சேர்த்து எழுதவும் முடியும்.

சங்கம் என்றதும் பொதுமக்கள் நினைவுக்கு வருவது சங்கப் பதிவிலாகா. ஏழு பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் கூடி அமைக்கும் சங்கங்களை 1966-ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்வது அவ்விலாகாவின் பணி. கோயில் நிர்வாகம் முதல் இளைஞர் மன்றம் வரை அதன் வரம்பிற்குள் வருவனவெல்லாம் ஆண்டுப் பொதுக்கூட்டம் நடந்த 60 நாளுக்குள் ஆண்டு விவரங்களை அனுப்ப வேண்டும். அரசுப் பல்கலைக்கழகங்களுக்குள் இயங்கும் மாணவர் அமைப்புகளுக்கு வேறொரு சட்டம் உண்டு. ஆவ்கு என்று மாணவர்கள் சுருக்கி அழைக்கும், 1971-ஆம் ஆண்டின் பல்கலைக்கழகங்கள், பல்கலைக்கழகக் கல்லூரிகள் சட்டமே அது. குறிப்பிட்ட ஒரு நோக்கத்திற்காக 30 மாணவர்களுக்குக் குறையாமல் சேர்ந்து, பல்கலைக்கழகத்தின் முன் அனுமதியோடு, அது விதிக்கும் நிபந்தனைகளுக்கு உட்பட்டு ஓர் அமைப்பை நிறுவலாம் என்பது அச்சட்டத்தின் அட்டவணையிலுள்ள விதி. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும் என்பது இந்த நிபந்தனைகளின் வழியே வருகிறது. அதனால் படிவமும் இறுதி நாளும் பல்கலைக்கழகத்திற்குப் பல்கலைக்கழகம் வேறுபடும். இஸ்கந்தர் புத்திரியிலும் ஸ்கூடாயிலும் உள்ள தனியார் உயர்கல்வி நிலையங்கள் 1996-ஆம் ஆண்டின் தனிச் சட்டத்திற்கு உட்பட்டவை.

மாணவர் அமைப்புகளின் மீது இத்தனை கவனம் ஏன் விழுந்தது என்பதற்கான விடையில் ஜொகூருக்கும் பங்குண்டு. 1974 செப்டம்பரில் ஜொகூர் பாருவின் தாசெக் உத்தாரா பகுதியில் புறம்போக்குக் குடியிருப்பாளர்களின் வீடுகள் இடிக்கப்பட்டபோது, பல்கலைக்கழக மாணவர்கள் அம்மக்களுக்கு ஆதரவாகத் திரண்டனர், சிலர் கைதாயினர். அதன் எதிரொலியாகக் கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக மாணவர் சங்கம் நிர்வாகத்தையே கைப்பற்ற, சங்கம் முடக்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில், ரப்பர் விலை வீழ்ச்சியால் வாடிய பாலிங் வட்டாரச் சிறுதோட்டக்காரர்களுக்காகத் தலைநகரில் நடந்த ஆர்ப்பாட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் பிடிபட்டனர். 1975-இல் ஆவ்கு கடுமையாகத் திருத்தப்பட்டது. பழைய மாணவர் சங்கங்களின் இடத்தில் அதிகாரம் குறைந்த மாணவர் பிரதிநிதித்துவ மன்றங்கள் அமைந்தன. மாணவர் அமைப்புகள் தம் பெயரில் பணம் திரட்டுவது தடைசெய்யப்பட்டது. இன்று மாணவர் நலப் பிரிவின் முகப்பில் ஓர் இளஞ்செயலாளர் நீட்டும் புதுப்பிப்புப் படிவத்திற்குப் பின்னால் இந்த வரலாறு இருக்கிறது. கண்காணிப்பதற்காகப் பிறந்த நடைமுறை என்பதை மறைக்க வேண்டியதில்லை; ஆயினும் அதே நடைமுறையைத் தம் சங்கத்தின் தன்னாட்சிக்குப் பயன்படுத்திக்கொள்ள மாணவர்களால் முடியும் என்பதே இங்கு வலியுறுத்தத் தக்கது.

புதுப்பிப்பிற்கு வழக்கமாகக் கேட்கப்படுபவை புதிரானவை அல்ல. கடந்த ஆண்டின் நடவடிக்கை அறிக்கை, கணக்கறிக்கை, பொதுக்கூட்டக் குறிப்பு, புதிய செயலவையின் பட்டியல், உறுப்பினர் பட்டியல், வரும் ஆண்டுக்கான திட்டம், ஆலோசகராக இருக்க இசைந்த விரிவுரையாளரின் கையொப்பம் ஆகியவை அவை. இவற்றுள் கடைசியாகச் சொன்னதை மாணவர்கள் சடங்காகவே நினைக்கின்றனர். ஆலோசகர் ஓய்வு பெற்றிருக்கலாம், மேற்படிப்புக்காக அயல்நாடு போயிருக்கலாம். படிவத்தை நிரப்பும் நாளில்தான் அது தெரியவரும். இந்திய விரிவுரையாளர்கள் எண்ணிக்கையில் குறைந்த துறைகளில் மாற்று ஒருவரைத் தேடுவது ஒரு வாரத்தில் முடிகிற வேலையன்று.

அனைத்துக்கும் அடிப்படை ஆண்டுப் பொதுக்கூட்டம். அதை மாலை வகுப்புகள் முடிந்த பின், விரிவுரை மண்டபம் ஒன்றில் நடத்துவதே வழக்கம். கூட்டம் செல்லுபடியாவதற்கு வர வேண்டிய குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கையை நிறைவெண் என்பர். அது எத்தனை என்பது சங்கத்தின் அமைப்புச் சட்டத்தில் எழுதப்பட்டிருக்கும். வருகைத் தாளில் ஒவ்வொருவரும் பெயரையும் மாணவர் எண்ணையும் எழுதிக் கையொப்பமிடுகின்றனர். சென்ற ஆண்டுக் கூட்டக் குறிப்பு வாசிக்கப்பட்டு, ஒருவர் முன்மொழிய இன்னொருவர் வழிமொழிய ஏற்கப்படுகிறது. அறிக்கைகள் விவாதிக்கப்பட்ட பிறகே தேர்தல். யார் முன்மொழிந்தார், யார் வழிமொழிந்தார் என்ற இரு பெயர்களைக் குறிக்காமல் விட்ட கூட்டக் குறிப்பு, எவ்வளவு அழகாகத் தட்டச்சு செய்யப்பட்டிருந்தாலும் திருப்பி அனுப்பப்படக்கூடும். நிறைவெண்ணை எட்டுவதற்காக, வராதவர்களின் கையொப்பத்தை மறுநாள் வாங்கிச் சேர்க்கும் பழக்கம் எங்கேனும் இருந்தால் அது கைவிடப்பட வேண்டியது. தேர்தலில் தோற்ற தரப்பு ஒரு முறையீடு கொடுத்தால், அவ்வாண்டுச் செயலவையே சட்டப்படி நிற்காது போய்விடும்.

கணக்கறிக்கையில்தான் பெரும்பாலான சங்கங்கள் தடுமாறுகின்றன. மாணவர் பிரதிநிதித்துவ மன்றம் வரவு செலவுக்கும் உடைமைக்கும் கடனுக்கும் முறையான கணக்கு வைத்து, நிதியாண்டு முடிந்த மூன்று மாதத்திற்குள் தணிக்கை செய்த பிரதியை ஒப்படைக்க வேண்டும் என்று ஆவ்கு வகுத்திருக்கிறது. மற்றச் சங்கங்களுக்கும் அதுவே நல்ல அளவுகோல். ஆனால் கலை இரவுக்காக வாங்கிய தோரணத்திற்கும் சாப்பாட்டுக்கும் கிடைத்த ரசீதுகளில் பல, வெப்பத்தில் அச்சாகும் வழவழப்பான தாளில் வந்தவை. சில மாதங்களில் எழுத்து மங்கி, உட்கணக்காய்வாளர் கையில் எடுக்கும்போது வெற்றுத் தாளாக இருக்கும். வாங்கிய அன்றே நகலெடுத்து, எந்த நிகழ்ச்சிக்கு, யார் பணம் கொடுத்தார் என்று ஓரத்தில் எழுதிவைக்கும் பொருளாளருக்கு ஆண்டிறுதியில் ஓரிரவில் முடியும் கணக்கு, அப்படிச் செய்யாதவருக்கு வாரக்கணக்கில் இழுக்கும். கையிருப்புத் தொகையைப் பழைய பொருளாளரும் புதியவரும் சேர்ந்து எண்ணி, இருவரும் கையொப்பமிட்ட ஒரு தாளைக் கோப்பில் வைப்பது படிவம் கேட்காவிட்டாலும் செய்யத்தக்கது. மூன்றாண்டுக்குப் பின் பணத்தைப் பற்றிக் கேள்வி எழுந்தால், நேர்மையான ஒரு மாணவரின் பெயரைக் காப்பாற்றப்போவது அந்தத் தாள்தான்.

சங்கங்கள் பதிவை இழப்பது தடையினாலோ பகையினாலோ நேர்வதைவிட, ஆண்டு மாறுகையில் பொறுப்பு கைவிட்டுப் போவதாலேயே அதிகம் நேர்கிறது. பொறியியல் பட்டப்படிப்பு பொதுவாக நான்கு ஆண்டு. அதில் தொழிற்பயிற்சிக்காகச் சில மாதங்கள் பாசிர் கூடாங்கிலோ பினாங்கிலோ கழியும். இறுதி ஆண்டில் ஆய்வேடு. எனவே சங்கத்தை நடத்துவோர் இரண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவர்களே. தலைவர் வேலையைக் கற்றுக்கொண்ட தருணத்தில் விலக நேர்கிறது. அவரோடு கணினிக் கோப்புகளின் கடவுச்சொல்லும், அமைப்புச் சட்டத்தின் ஒரே பிரதியும் போய்விட்டால், அடுத்த செயலவை முதலிலிருந்து தொடங்க வேண்டும். மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை 1980-களில் தொடங்கிய சிறுகதைப் போட்டியும் அதன் விளைவான பேரவைக் கதைகள் தொகுப்புகளும், அவற்றைத் தொடங்கிய மாணவர்கள் பட்டம் பெற்றுச் சென்று பல ஆண்டுகள் கழிந்த பின்னும் மலேசியத் தமிழ் இலக்கியத்தில் மதிக்கப்படுகின்றன. எழுத்தாளர்களை வளர்த்த முயற்சி என்று அதைப் புகழும்போது, ஒரு செயலவை இன்னொன்றிடம் கோப்பை ஒப்படைத்த யாரும் பாராட்டாத உழைப்பையும் சேர்த்தே புகழ வேண்டும்.

பொறுப்பு மாணவர்களுடையது மட்டுமன்று. பிரிட்டனில் 1994-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், மாணவர் ஒன்றியம் தன் குழுக்களுக்கும் கழகங்களுக்கும் நிதி ஒதுக்கும் முறை நியாயமாக இருக்க வேண்டும் என்றும், அது எழுத்தில் அமைந்து எல்லா மாணவர்க்கும் எளிதில் கிடைக்க வேண்டும் என்றும் விதிக்கிறது. ஜொகூரிலும் அத்தகைய வெளிப்படைத்தன்மை கேட்கத்தக்கதே: படிவம் தவணை தொடங்கும்போதே வெளியிடப்பட வேண்டும், குறை இருந்தால் அது எழுத்தில் சொல்லப்பட வேண்டும், திருத்த நாள் தர வேண்டும். பல்கலைக்கழகத்தின் நலனுக்குக் கேடென்று கருதும் அமைப்பை முடக்கவோ கலைக்கவோ துணைவேந்தருக்கு ஆவ்கு அதிகாரம் அளித்திருக்கும் நிலையில், தாள் ஒன்று குறைந்ததால் காலாவதியான சங்கமும் அவ்வாறு முடக்கப்பட்டதும் ஒன்றல்ல என்ற தெளிவு அலுவலர்களிடமும் இருக்க வேண்டும்.

சட்டம் மெல்ல இளகிவருகிறது. 2012 திருத்தத்திற்குப் பின் மாணவர் அரசியல் கட்சிகளில் உறுப்பினராகலாம். 2018 இறுதியில் வளாகத்திற்குள் கட்சி அரசியல் நடவடிக்கைக்கு இருந்த தடையும் நாடாளுமன்றத்தில் நீக்கப்பட்டது. 2024-இல் நிறைவேறிய திருத்தம் மாணவர் அமைப்புகள் தம் நிதியைத் தாமே கையாள வழிசெய்ய முனைந்தது. பணம் மாணவர் கைக்கு வரும்போது கணக்கறிக்கையின் கனமும் கூடும்.

தமிழ் மாணவர் சங்கங்களுக்கு நாட்காட்டியில் ஒரு நெருக்கடியும் உண்டு. புதிய கல்வியாண்டு பெரும்பாலும் செப்டம்பர், அக்டோபரில் தொடங்க, தீபாவளி அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடுவுக்குள் வந்துவிடுகிறது. மண்டப விண்ணப்பத்திற்கும், கெர்த்தாஸ் கெர்ஜா எனப்படும் நிகழ்ச்சித் திட்ட அறிக்கையின் ஒப்புதலுக்கும் வாரங்கள் பிடிக்கும் என்பதால், பொதுக்கூட்டத்தையும் தணிக்கையையும் நீண்ட விடுமுறைக்கு முன்பே, பழைய செயலவை வளாகத்தில் இருக்கும்போதே முடிக்கும் சங்கங்களே தீபாவளி விருந்தை உரிய நாளில் நடத்துகின்றன.