எச்.ஐ.வி.: தள்ளிப்போடுவதே ஆபத்து

1986ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில், மாணவி நிர்மலா ஏறத்தாழ நூறு இரத்த மாதிரிகளைச் சேகரித்தார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சோதித்தபோது, அவற்றுள் ஆறில் எச்.ஐ.வி. தொற்று தெரிந்தது. இந்தியாவில் கண்டறியப்பட்ட முதல் தொற்றுகள் அவையே. அன்று இதற்கு மருந்து கிடையாது. இன்று மருந்து உண்டு. அரசு மருத்துவமனைகளில் 2004 முதல் இலவசமாகவும் வழங்கப்படுகிறது. ஆயினும் பலர் நோய் முற்றிய பின்னரே எங்களிடம் வருகின்றனர். அவர்களைத் தடுப்பது பெரும்பாலும் அச்சமே.

தொற்றும் நோயும்

எச்.ஐ.வி. என்பது நோய் எதிர்ப்பாற்றலைக் காக்கும் சி.டி.4 அணுக்களை அழிக்கும் வைரஸ். தொற்றியபின் பல ஆண்டுகள் அறிகுறியே இல்லாதிருக்கலாம். எதிர்ப்பாற்றல் மிகக் குன்றி, காசநோய் போன்றவை தாக்கும் முற்றிய நிலையே எய்ட்ஸ். ஆகவே, உடல் நலமாகத் தோன்றுவதால் தொற்று இல்லை என்று முடிவு செய்ய இயலாது.

பரிசோதனை

அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்களில் ஆலோசனையும் பரிசோதனையும் இலவசம். முதற் சோதனையில் தொற்று இருப்பதாகத் தெரிந்தால், வேறு முறைகளிலும் சோதித்த பின்னரே உறுதி செய்யப்படும். தொற்றிய முதற் சில வாரங்களில் சோதனையில் தெரியாமற் போகலாம். எனவே ஐயத்திற்குரிய நிகழ்வுக்கு மூன்று மாதங்களுக்குப் பின் மீண்டும் சோதித்தல் நன்று.

சிகிச்சை

ஏ.ஆர்.டி. என்னும் கூட்டு மருந்து, பெரும்பாலோர்க்கு நாளொன்றுக்கு ஒரே மாத்திரை. அது வைரஸை முற்றிலும் அழிப்பதில்லை, பெருகவிடாமல் அடக்குகிறது. உடல் தேறிவிட்டது என்று நிறுத்தினால் வைரஸ் மீண்டும் பெருகும். மருந்துக்குக் கட்டுப்படாமலும் போகலாம். கீரிப்பாறை ரப்பர் தோட்டங்களில் விடியுமுன் பால்வடிப்புக்குச் செல்வோர், இரவு உணவுக்குப் பின் மாத்திரை உண்ணும் வழக்கத்தைக் கைக்கொள்ளலாம். உங்களுக்கு உகந்த நேரத்தை மருத்துவரிடம் பேசி முடிவு செய்யுங்கள்.

இரத்தத்தில் வைரஸ் கண்டறிய இயலாத அளவிலேயே நீடித்தால், உடலுறவின் வழியே துணைவருக்குத் தொற்று பரவுவதில்லை. கருவுற்ற தாய் மருந்தை ஒழுங்காக உட்கொண்டால், குழந்தையும் பெரும்பாலும் தொற்றின்றிப் பிறக்கிறது.

குடும்பத்தாருக்கு

ஒரே தட்டில் உண்பதாலோ, கட்டியணைப்பதாலோ, கொசுக்கடியாலோ எச்.ஐ.வி. பரவாது. தனித் தட்டும் தனிப் பாயும் நோயாளியின் மனத்தை முறிக்கும். மாத்திரையை ஒளித்து உண்ணவும், பின் கைவிடவும் செய்யும். ‘இன்று மாத்திரை போட்டாயா?’ என்ற உங்கள் கேள்வியும் சிகிச்சைக்குத் துணையாகும்.

ஊரார் அறிந்துவிடுவரோ என்று அஞ்ச வேண்டாம். ஒருவரின் தொற்று நிலையை வெளியிடுவதையும், அதன் பொருட்டு அவரை வேலையிலிருந்து நீக்குவதையும் 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் தடை செய்கிறது. ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பரிசோதனையும் சிகிச்சையும் பெறலாம். நேரில் வரத் தயங்குவோர், 1097 என்ற இலவசத் தொலைபேசி எண்ணில் முதலில் பேசலாம்.