கார்டன் வியூ ரூம் இருக்கா சார்?

"ஊட்டியில எங்கடா தங்கப் போறே?" என்று கேட்டான் நண்பன்.

"ஒய்.டபிள்யூ.சி.ஏ.வுல."

மூன்று விநாடி யோசித்தான். "அதுல 'டபிள்யூ'ன்னா விமன் இல்லே? முப்பத்துமூணு வயசாகியும் பொண்ணு அமையலேங்கிறதுக்காக இப்படி நேரடியாவா இறங்குவே மாப்ளே!"

நெய்வேலி மெயின் பஜார் டீக்கடையே சிரித்தது. "அட கடவுளே, அது கெஸ்ட் ஹவுஸுடா. குடும்பத்தோட ஆம்பளைங்களும் தங்கலாம். என்கூட அப்பா அம்மா வர்றாங்க" என்று நான் சொன்னது ஒருத்தன் காதிலும் விழவில்லை.

எனக்கும் ஊட்டி போகிற உத்தேசமெல்லாம் கிடையாது. பி.காம். படித்துவிட்டுப் பத்திரிகைகளுக்குக் கட்டுரை எழுதிப் பிழைக்கிறவனின் ஐந்தொகையில் சொத்துப் பக்கம் 'வரவேண்டிய பாக்கி' என்று ஒரே ஒரு தலைப்புதான் இருக்கும். விஷயம் அப்பா சம்பந்தப்பட்டது.

அப்பா 1988-ல் இரண்டாம் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பக்கம் வேலைக்குச் சேர்ந்தவர். 2025 ஜனவரி 31-ம் தேதியோடு ரிடையர்மென்ட். ரிடையர் ஆனால் குவார்ட்டர்ஸைக் காலி பண்ண வேண்டும். அதில் அப்பாவுக்கு ஒரு வருத்தமும் கிடையாது. "அடுத்து வர்றவனுக்கும் வீடு வேணாமா?" என்று அவரேதான் சொல்வார்.

வீட்டை விடலாம். தோட்டத்தை?

நெய்வேலி டவுன்ஷிப்பைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வட்டம் வட்டமாகப் பிரித்து, நேர் ரோடு போட்டு, வீட்டைச் சின்னதாகவும் சுற்றி இடத்தைத் தாராளமாகவும் விட்டுக் கட்டிய ஊர். எங்கள் பதினெட்டாவது வட்டத்து வீட்டில் இருபத்தாறு வருஷம் இருந்தோம். இரண்டு மா, ஒரு பலா, கறிவேப்பிலை, சமையலறை ஜன்னலை ஒட்டி ஒரு முருங்கை. ஷிப்ட் முடிந்து வந்து, சட்டையைக் கழற்றுவதற்கு முன்னால் ஹோஸைப் பிடிக்கிறவர் அப்பா. வடலூரில் கட்டியிருக்கும் சொந்த வீடோ மூன்று சென்ட். காம்பவுண்டுக்கும் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் ஒருக்களித்துப் போகலாம். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு!

டிசம்பர் மாதம் பூராவும் அப்பா சரியாகப் பேசவில்லை. ராத்திரி பத்து மணிக்கு டார்ச்சை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போவார். என்ன பார்க்கிறார் என்று கேட்டால், "எலி" என்பார். அம்மாதான் ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "எங்கயாச்சும் ரெண்டு நாள் கூட்டிக்கிட்டுப் போடா. தோட்டம் இருக்கிற எடமா பாரு" என்றாள்.

ஆக, பொங்கலுக்கு முந்தின வாரம் கிளம்பினோம்.

ஊட்டிக்கு இ-பாஸ் வாங்க வேண்டுமே என்று பயப்படாதீர்கள். 2024 மே மாதம் ஐகோர்ட் உத்தரவுப்படி வந்த அந்த ஏற்பாடு கார், வேன்காரர்களுக்கு. அரசு பஸ்ஸில் போகிற நம்மைப் போன்ற பிரஜைகளுக்கு அது கிடையாது. காசில்லாமல் இருப்பதிலும் சில சலுகைகள் உண்டு. மேட்டுப்பாளையத்தில் மலை ரயிலுக்கு டிக்கெட் கேட்டேன். கவுன்ட்டரில் இருந்தவர் என்னைப் பார்த்த பார்வையில், '1908-லேயே ஊட்டி வரைக்கும் ரயில் விட்டாச்சு, நீ இப்பத்தான் எழுந்து வர்றியா?' என்கிற கேள்வி இருந்தது. பஸ்ஸிலேயே ஏறினோம்.

முதல் நாள் ஒய்.டபிள்யூ.சி.ஏ.வில் இடமில்லை. ஒரு ராத்திரிக்குத்தானே என்று பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு லாட்ஜில் செல்போனிலேயே புக் பண்ணியிருந்தேன். 'கார்டன் வியூ ரூம்' என்று போட்டிருந்தது, இருநூறு ரூபாய் கூடுதல். கதவைத் திறந்தால் எதிர்ச் சுவர். சுவரின் அடியில் உடைந்த பிளாஸ்டிக் வாளியில் ஒரு குரோட்டன்ஸ். "கார்டன் எங்க சார்?" என்று கேட்டேன். ரூம் பாய் கொஞ்சமும் கூசாமல் வாளியைக் காட்டினான்.

அப்பா அந்தக் குரோட்டன்ஸின் மண்ணை விரலால் தொட்டுப் பார்த்தார். பாத்ரூமிலிருந்து ஒரு மக் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார். படுத்துவிட்டார்.

மறுநாள் காலை எட்டின்ஸ் ரோடு. ஒய்.டபிள்யூ.சி.ஏ.வின் 'ஆனந்தகிரி' வாசலில் இறங்கியதும் அம்மா என் கையை ஒரு அழுத்து அழுத்தினாள். சரிவு முழுக்கப் பூ. நடுநடுவே பழைய காலத்துக் கட்டடமும் காட்டேஜுகளும். வெள்ளைக்காரன் காலத்தில் இது பீர் காய்ச்சிய இடமாம். "ஜாடிக்கேத்த மூடி! சாராய ஆலையில போய் மாதர் சங்கம்" என்றார் அப்பா. மூன்று வாரத்துக்குப் பிறகு அவர் அடித்த முதல் ஜோக் அதுதான் என்பதால் நானும் அம்மாவும் தேவைக்கு அதிகமாகவே சிரித்தோம்.

இந்த மாதிரிப் பழைய பங்களா விடுதிகளில் தங்குகிற தம்பிமார்களுக்கு ஒரு எச்சரிக்கை. கூரையைப் பார்த்து மயங்காதீர்கள். அந்தக் காலத்து ஆள் கட்டின கூரை, பரணுக்கு மேலே பரண் போடலாம் போல உசரம். சமவெளியில் வெயிலுக்குப் பயந்து கட்டிப் பழகின கையோடு மலையிலும் அதே உயரத்துக்குக் கட்டினான். அவனுக்கு என்ன, கணப்பில் விறகு அடுக்கி எரிக்க ஆள் இருந்தது. நமக்கு? சூடெல்லாம் கூரைக்கும் குளிரெல்லாம் கட்டிலுக்கும் என்று பாகப்பிரிவினை ஆகிவிடும். கூச்சப்படாமல் கூடுதல் கம்பளி கேளுங்கள், கொடுக்கிறார்கள். சாப்பாட்டை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். கடைசி நிமிஷத்தில் போய் நின்றால் பட்டினிதான்.

ராத்திரி மூன்று கம்பளிக்கு உள்ளேயிருந்து அப்பா குரல் வந்தது.

"லைட்டு எரியுதே, இது எந்தக் கரண்ட் தெரியுமா?"

"நம்ம நெய்வேலிக் கரண்டாப்பா?"

"கிரிட்டுல எல்லாம் கலந்துதான் வரும். ஆனா இந்த மலையில பைக்காராவுல 1932-லயே தண்ணியில கரண்ட் எடுத்துட்டான். நம்ம மொத தெர்மல் 1962-லதான்." கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அதையும் 2020-ல நிறுத்திட்டாங்க. அம்பத்தெட்டு வயசு."

அந்தக் கணக்கை அவர் எத்தனை நாளாக மனசில் போட்டு வைத்திருந்தாரோ.

விடிகாலையில் முழிப்பு வந்தபோது அப்பாவின் கட்டில் காலி. எனக்குத் திக்கென்றது. மப்ளரைச் சுற்றிக்கொண்டு ஓடினேன். வெளியே புல்தரை முழுக்க உப்புக் கொட்டினது போல உறைபனி. அதன் ஓரத்தில் தோட்டக்காரரும் அப்பாவும். தோட்டக்காரர் கையில் ஹோஸ் இல்லை. அது அப்பா கையில் இருந்தது!

"வெயில் வர்றதுக்குள்ள தண்ணி தெளிச்சு இலையில இருக்கிற பனியைக் கழுவிடணுமாம். இல்லாட்டி வெயில் பட்டதும் கருகிடுமாம்" என்றார் அப்பா, முப்பது வருஷமாக அந்த வேலையையே செய்கிறவர் மாதிரி.

அந்தத் தோட்டக்காரர் சொன்னதை வைத்தே தனியாக ஒரு கட்டுரை எழுதலாம். நாற்றுக்குப் பனி பிடிக்காமல் இருக்க 'கோத்தகிரி மிலார்' என்கிற செடியை ஒடித்து வந்து மேலே குடை மாதிரி செருகி வைக்கிறார்கள். தாவரவியல் பூங்காவிலும் அதே வைத்தியம்தான். பிளாஸ்டிக் ஷீட், கண்ணாடி அறை என்று எத்தனையோ வந்தும் மிலாரை விடவில்லை. அப்பா ஒரு மிலார்க் கொத்தை முகர்ந்து, கசக்கி, மடித்து, கடைசியில் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

பூங்காவுக்கும் போனோம். அதன் பூர்வகதை தமாஷானது. ஊட்டியில் குடியேறிய வெள்ளைக்காரர்கள் காய்கறி மலிவாகக் கிடைக்க வேண்டும் என்று ஆளுக்குச் சந்தா போட்டு ஆரம்பித்த தோட்டம். சந்தா வசூலாகாமல் தள்ளாட, 1848-ல் மெக்ஐவர் என்கிற தோட்டக்கலைக்காரர் வந்து சீராக்கினார். அதற்கும் முன்னால் 1820-களில் கோயமுத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் இங்கே முதல் பங்களாவைக் கட்டியபோது தோடர்களிடம் ஏக்கர் ஒரு ரூபாய்க்கு நிலம் வாங்கினார் என்பார்கள். 1950-களில் நெய்வேலியில் சுரங்கம் வெட்டவும் ஊர் ஊராகத்தான் நிலம் கொடுத்தார்கள். நிலம் கொடுத்தவர்களின் கணக்கு எப்போதும் தனி லெட்ஜர். அதை யாரும் ஆடிட் பண்ணுவதில்லை.

பூங்காவில் அப்பா பூக்களைப் பார்த்தபடி நடந்தவர், ஒரு இடத்தில் சடன் பிரேக் போட்டார். கல்லாகிப்போன மரம். இரண்டு கோடி வருஷம் பழசு என்கிறார்கள். புதுமணத் தம்பதிகள் அதன் முன்னால் செல்பி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"இது நம்ம கரிக்கு அண்ணன்" என்றார் அப்பா.

பக்கத்திலிருந்த பையன் திரும்பி, "என்னங்க ஐயா?" என்றான். அவ்வளவுதான், அணை உடைந்தது.

"மரம் மண்ணுக்குள்ள புதையுது தம்பி. சிலிக்காத் தண்ணி ஊறி ஏறிச்சுன்னா, கல்லாயிடும். எங்க பக்கம் திருவக்கரைக்கு வாங்க, இந்த மாதிரிக் கட்டை கட்டையாக் கிடக்கும். அதே மரம் சதுப்புல அழுந்திக் காத்துப் படாமக் கிடந்துச்சுன்னா, பழுப்பு நிலக்கரி. சுரங்கத்துல சில கட்டியில வரி கூடத் தெரியும், மரத்துல இருக்கிறாப்புல. கரி எடுக்கணும்னா அதுக்கு மேல மலை மாதிரி மண்ணை வாரணும். கீழ ஊத்துத் தண்ணி பீறிட்டு வரும், ராப்பகலா பம்ப் ஓடணும். பம்பு நின்னா சுரங்கமே குளம்..."

கால் மணி நேரம். சுற்றி ஒரு பத்துப் பேர். ஒரு பெண் செல்பியை நிறுத்திவிட்டு வீடியோ எடுக்க ஆரம்பித்தாள். அம்மா தூரத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, சுடச்சுட வறுத்த வேர்க்கடலையைத் தின்றுகொண்டே, "ஆரம்பிச்சுட்டாரு" என்று அலுத்துக்கொண்டாள். முகத்தில் அலுப்பு இல்லை.

மூன்றாம் நாள் கிளம்பும்போதுதான் வியாபாரம் நடந்தது. அப்பாவுக்கு அங்கே இருந்த ஹைட்ராஞ்சியா மேல் கண். பந்து பந்தாக நீலப் பூ பூக்குமே, அது. குச்சி ஒன்று கேட்டார்.

"கீழ கொண்டுட்டுப் போனா வராதுங்கய்யா. உங்க ஊரு வெயிலுக்கு நாலு நாள் தாங்காது" என்றார் தோட்டக்காரர்.

"தாங்காட்டிப் போவுது. குடுங்க."

தோட்டக்காரர் இரண்டு குச்சியை வெட்டி ஈரச் சாக்கில் சுற்றிக் கொடுத்தார். அப்பா சட்டைப் பைக்குள் கை விட்டு, மிலார்க் கொத்துக்கு அடியிலிருந்து ஒரு பேப்பர் பொட்டலத்தை எடுத்தார். உள்ளே சிறகு முளைத்த மாதிரி ஏழெட்டு முருங்கை விதை. எங்கள் ஜன்னலோர முருங்கையில் முற்றிக் காய்ந்த நெற்று.

டார்ச் வைத்துக்கொண்டு ராத்திரியில் தேடியது எலியை இல்லை என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"இங்க முருங்கையா? பனிக்குச் செத்துப்போகுமுங்களே!" என்று சிரித்தார் அவர்.

"செத்தாச் சாவுது. போடுங்க."

இரண்டு பேருமே நஷ்டம் என்று தெரிந்தே செய்துகொண்ட பண்டமாற்று. மூன்று வருஷம் பி.காம். வகுப்பில் இதற்கு எந்தப் பதிவேட்டிலும் இடம் சொல்லித் தரவில்லை.

வீட்டைக் காலி செய்கிற அன்றைக்கு ஃபேன், குழாய், ஜன்னல் கண்ணாடி எல்லாவற்றையும் லிஸ்டில் டிக் அடித்தோம். மரங்கள் லிஸ்டில் கிடையாது. அப்பா சாவியைக் கொடுத்துவிட்டு, அடுத்து வரப்போகிறவருக்கு ஒரு சீட்டு எழுதி சமையலறை மேடையில் வைத்தார். எட்டிப் பார்த்தேன். பலாவுக்கு எப்போது தண்ணீர், முருங்கையை எந்த மாதம் கழிக்க வேண்டும், கம்பளிப்பூச்சி வந்தால் என்ன செய்ய வேண்டும்... ஒரு பக்கம் முழுக்க.

ஹைட்ராஞ்சியா வடலூரில் நாலு நாளெல்லாம் இல்லை, ஒன்பது நாள் தாங்கியது. அப்பா அதற்கு ஈரத்துணி, நிழல், அம்மாவின் பழைய புடவையில் பந்தல் எல்லாம் போட்டுப் பார்த்தார். பத்தாம் நாள் தொட்டியைக் கவிழ்த்துவிட்டு, அதே மண்ணில் ஒரு முருங்கை விதையை ஊன்றினார்.

பிப்ரவரியில் ஒருநாள் காலை அப்பாவின் போன் அடித்தது. ஊட்டித் தோட்டக்காரர். ஸ்பீக்கரில் போட்டார்.

"ஐயா, சமையக்கட்டு ஜன்னல்ல ஒரு பழைய டப்பாவுல போட்டு வெச்சேனுங்க. ஒண்ணே ஒண்ணு முளைச்சிருக்குதுங்க. வெரல் உசரம்."

அப்பா எழுந்து நின்றுவிட்டார். "பனி?"

"மிலார் செருகியிருக்கேன்."

"ராத்திரியில உள்ள எடுத்து வெச்சிடுங்க. தண்ணி ரொம்ப ஊத்தாதீங்க, அழுகிடும். கேக்குதா? அலோ... அலோ..."

லைன் கட்டாகிவிட்டது. அப்பா என் பக்கம் திரும்பினார். "டேய், அந்த ரூம் வாடகை ஒரு நாளைக்கு எவ்ளோ குடுத்தே?"