சிறைக்குப் பின் – 9: விண்ணப்பத்தில் ஒரு கேள்வி

சென்ற வாரம் வங்கிக் கணக்கைப் பற்றிப் பார்த்தோம். கணக்கு கிடைத்தவருக்கு அடுத்த கவலை வேலை. இங்கிலாந்தில் சிறையிலிருந்து வெளியே வருகிறவரை ஏற்றுக்கொள்ளும் வேலைகளில் பல ஊருக்கு வெளியே இருக்கின்றன: நெடுஞ்சாலை ஓரத்துக் கிடங்குகள், கட்டடத் தளங்கள், இறைச்சி வெட்டிப் பொதியும் ஆலைகள். ஷிஃப்ட் விடியற்காலையில் தொடங்கும். அந்த நேரத்துக்குப் பேருந்து இருக்காது. லண்டனைத் தாண்டிவிட்டால், கார் இல்லாதவருக்கு அந்த வேலையும் இல்லை என்பதுதான் பல ஊர்களின் நிலைமை.

பழைய கார் ஒன்றை எப்படியாவது வாங்கிவிடலாம். அண்ணன் கொடுப்பார், நண்பர் கொடுப்பார். ஆளை மடக்குவது இன்சூரன்ஸ். காப்பீடு இல்லாமல் பொதுச்சாலையில் வண்டி ஓட்டுவதை 1988-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம், 143-ஆம் பிரிவில் குற்றமாக்கியிருக்கிறது. காப்பீடுள்ள எல்லா வண்டிகளின் பட்டியலும் ஒரே தரவுத்தளத்தில் இருப்பதால், போலீஸ் காரின் கேமரா நம்பர் பலகையைப் படித்ததுமே விஷயம் தெரிந்துவிடும். 300 பவுண்டு அபராதம், லைசென்ஸில் 6 புள்ளிகள். வண்டியை அங்கேயே தூக்கிப்போகவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு. வழக்கு நீதிமன்றத்துக்குப் போனால் அபராதத்துக்கு உச்சவரம்பே கிடையாது. சிறையிலிருந்து வந்து வாழ்க்கையைத் தூக்கி நிறுத்தப் பார்க்கும் ஒருவருக்கு இது நேராக மறுபடியும் நீதிமன்ற வாசல்.

நம் ஊரில் மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு எஞ்சின் அளவைப் பார்த்து அரசு கட்டணம் நிர்ணயிக்கிறது. ஓட்டுகிறவர் யார், எப்படிப்பட்டவர் என்று யாரும் கேட்பதில்லை. பிரிட்டனில் எடை போடப்படுவது ஓட்டுகிற மனிதர். வயது, தொழில், வீட்டின் அஞ்சல் குறியீடு, வண்டி இரவில் எங்கே நிற்கும், இதற்குமுன் விபத்து உண்டா என்று கேள்விகள் வரிசையாக வரும். அவற்றுக்கு நடுவே, ஏதோ காரின் நிறத்தைக் கேட்பதுபோல் இதுவும் வரும்: வண்டி ஓட்டுவதோடு தொடர்பில்லாத குற்றத்துக்காக நீங்கள் பெற்ற தண்டனை எதுவும் இன்னும் காலாவதியாகாமல் இருக்கிறதா?

விலை ஒப்பிடும் தளங்களில் இதற்கு ‘ஆம்’ என்று குறித்தால் பட்டியல் சுருங்கிவிடும். பெயர் தெரிந்த நிறுவனங்கள் பல, விலை சொல்லாமலே விலகிக்கொள்ளும். எஞ்சி நிற்பவை சொல்லும் தொகையைப் பார்த்தால் வேலைக்குப் போவதே வீண் என்று தோன்றும்.

குடித்துவிட்டு வண்டி ஓட்டித் தண்டனை பெற்றவரிடம் கூடுதல் பிரீமியம் கேட்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அவர் செய்த குற்றத்துக்கும் நிறுவனம் ஏற்கும் ஆபத்துக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. கடையில் பொருள் திருடியவருக்கும், இருபது வயதில் மதுக்கடை வாசலில் கைகலப்பில் சிக்கியவருக்கும் சாலைச் சந்திப்பில் வண்டியைத் திருப்புவதில் என்ன குறை வந்துவிடும்? நேர்மையற்ற ஆள் பொய்யான கிளெய்ம் போடக்கூடும் என்பது நிறுவனங்களின் வாதம். அது ஒரு சந்தேகம். தண்டனை பெற்றவர்களுக்காகப் பாடுபடும் ‘அன்லாக்’ என்ற அறக்கட்டளை, இந்தச் சந்தேகத்துக்கு ஆதாரம் என்ன என்று பல ஆண்டுகளாகக் கேட்டுவருகிறது. அந்த அமைப்பு சொல்லும் கணக்குப்படி பிரிட்டனில் குற்றப் பதிவு உள்ளவர்கள் ஒரு கோடியே இருபது லட்சத்துக்கும் மேல். இத்தனை பேரையும் ஒரே பெட்டியில் டிக் போட வைத்துக் காசு பார்ப்பது நியாயமான வியாபாரம் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

ஆனால் அந்தக் கேள்வியில் உள்ள ‘காலாவதி’ என்ற சொல்லைக் கவனிக்காமல் பயத்தோடு ‘ஆம்’ போடுகிறவர்கள் ஏராளம். தேவையில்லாமல் பணம் கட்டுகிறவர்கள் இவர்கள்தான். அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

பழைய தண்டனை ஒருவரை ஆயுள் முழுக்கத் துரத்தக் கூடாது என்று கார்டினர் பிரபு தலைமையிலான குழு 1972-இல் அறிக்கை கொடுத்தது. அதிலிருந்து பிறந்ததுதான் 1974-ஆம் ஆண்டின் குற்றவாளிகள் மறுவாழ்வுச் சட்டம். குறிப்பிட்ட காலம் கடந்துவிட்டால் தண்டனை காலாவதியாகிறது. அதன்பின் முந்தைய தண்டனை பற்றி இன்சூரன்ஸ் நிறுவனம் எப்படிக் கேட்டாலும், காலாவதியானதைச் சேர்த்துக் கேட்டதாகக் கொள்ளக் கூடாது என்கிறது சட்டத்தின் 4-ஆம் பிரிவு. அப்போது ‘இல்லை’ என்று பதில் சொல்வது பொய் ஆகாது. அவருக்குச் சட்டம் கொடுத்த உரிமை அது.

இந்தக் காலக்கணக்கு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2023 அக்டோபர் 28 அன்று பெரிதாக மாறியது. வயது வந்தவருக்கு வெறும் அபராதம் என்றால், தீர்ப்பு நாளிலிருந்து ஓராண்டு. ஓராண்டு வரையிலான சிறைத்தண்டனைக்கு, தண்டனை முடிந்தபின் மேலும் ஓராண்டு. ஓராண்டுக்கு மேல் நான்காண்டு வரை என்றால், முடிந்தபின் நான்காண்டு. நான்காண்டைத் தாண்டிய தண்டனை அதற்குமுன் சாகும்வரை காலாவதியே ஆகாது. இப்போது கொடிய வன்முறை, பாலியல், பயங்கரவாதக் குற்றங்கள் நீங்கலாக, முடிந்தபின் ஏழாண்டில் ஆகிவிடும். ஆயுள் தண்டனைக்கு இந்தச் சலுகை இல்லை. நிறுத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனையும் அதன் நீளத்தைப் பொறுத்துச் சிறைத்தண்டனையாகவே எண்ணப்படும். புதிய கணக்கு பழைய தீர்ப்புகளுக்கும் பொருந்தும் என்பது பலருக்குத் தெரியாது.

தண்டனை ‘முடிந்தது’ என்பது சிறைக்கதவு திறந்த நாளைக் குறிப்பதல்ல. இடறுவது இங்கேதான். ஒரு பகுதியை உள்ளே கழித்துவிட்டு மீதியை வெளியே நன்னடத்தைக் கண்காணிப்பில் கழிக்கிறார்கள். அந்த மீதியும் முடிய வேண்டும். ஒருவருக்கு 2019 மார்ச்சில் மூன்றாண்டு தண்டனை என்று வைத்துக்கொள்வோம். வெளியே வந்தது 2020-இல் என்றாலும் தண்டனை முடிவது 2022 மார்ச். பழைய சட்டப்படி அதற்குமேல் ஏழாண்டு, அதாவது 2029 வரை அவர் ‘ஆம்’ போட்டுக்கொண்டிருக்க வேண்டும். புதிய கணக்கில் நான்கே ஆண்டு, 2026 மார்ச்சோடு சரி. பழைய கணக்கையே நம்பிக்கொண்டிருந்தால், மூன்று வருடப் பிரீமியத்தில் அவர் பாக்கெட்டிலிருந்து போகும் பணம் சும்மா போகிறது. இடையில் புதிய குற்றத்தில் சிக்கினால் இந்தத் தேதி தள்ளிப்போகும் என்பதையும் மறக்கக் கூடாது. எந்தத் தேதியில் என்ன தீர்ப்பு என்பதே நினைவில்லாதவர்கள், போலீஸ் கணினியில் தங்களைப் பற்றி என்ன இருக்கிறது என்று ஏக்ரோ என்ற பதிவேட்டு அலுவலகத்தில் இலவசமாகக் கேட்டுப் பெறலாம். நினைவை நம்பி விண்ணப்பம் நிரப்புவதைவிட இது ஆயிரம் மடங்கு மேல்.

வண்டி ஓட்டும்போது செய்த குற்றங்களுக்குக் கணக்கு வேறு. லைசென்ஸில் நீதிமன்றம் புள்ளியோ குறியீடோ பதிக்கச் சொன்னால், பெரியவர்களுக்கு அது காலாவதியாக ஐந்தாண்டு ஆகும். திருட்டுக்கு அபராதம் கட்டியவர் ஓராண்டில் விடுபட, நீதிமன்றத்தில் வேகத்துக்காக அபராதமும் புள்ளியும் பெற்றவர் ஐந்தாண்டு காத்திருக்கிறார். குடித்துவிட்டு ஓட்டியதற்கான டி.ஆர்.10 குறியீட்டில் இன்னொரு குழப்பம். அது லைசென்ஸ் பதிவில் பதினோரு ஆண்டு இருக்கும். ஆகவே பதினோரு ஆண்டும் சொல்லியாக வேண்டும் என்று நம்பி, கூடுதலாகக் கட்டிக்கொண்டே இருக்கிறார்கள். பதிவில் இருப்பது வேறு, சொல்லியாக வேண்டியது வேறு. சிறைத்தண்டனையோ ஐந்தாண்டைவிட நீண்ட தடையோ சேராத வரை, ஐந்தாண்டு கடந்ததும் இன்சூரன்ஸுக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை.

அந்தத் தேதி வரும்வரை உண்மையைத்தான் சொல்ல வேண்டும். இதை நான் அறநெறிக்காக மட்டும் சொல்லவில்லை. லைசென்ஸ் எண்ணை வைத்து ஓட்டுநர் பதிவேட்டை நிறுவனங்களே பார்த்துக்கொள்ள ஏற்பாடு இருக்கிறது; போக்குவரத்துக் குற்றத்தை மறைத்தால் விண்ணப்பத்திலேயே மாட்டிக்கொள்வார்கள். மற்றக் குற்றங்கள் அப்படித் தெரியாது. கிளெய்ம் போடும்போதுதான் தோண்டுவார்கள். உள்ளூர்ப் பத்திரிகையில் வந்த பழைய நீதிமன்றச் செய்தி இணையத்தில் கிடந்தால் போதும்.

ஒரு காலத்தில் நிலைமை இன்னும் மோசம். கேட்காத விஷயத்தையும் நாமாகவே சொல்ல வேண்டும் என்பதுதான் சட்டம். 1978-இல் தீர்ப்பான ஒரு வழக்கில், வீடு தீப்பிடித்து அழிந்தவருக்கு இழப்பீடு இல்லை என்றாயிற்று. பல ஆண்டுகளுக்கு முன் கொள்ளைக் குற்றத்தில் தண்டனை பெற்றதை அவர் சொல்லவில்லையாம். யாரும் அவரிடம் கேட்கவும் இல்லை. இந்த அநியாயத்துக்கு 2012-இல் வந்த நுகர்வோர் காப்பீட்டுச் சட்டம் முடிவு கட்டியது. 2013 ஏப்ரல் முதல் அது நடப்பில் இருக்கிறது. கேட்க வேண்டியதைத் தெளிவாகக் கேட்பது நிறுவனத்தின் வேலை, கவனமாகப் பதில் சொல்வது மட்டும் நம் வேலை. கவனக்குறைவால் தவறாகச் சொல்லியிருந்தால் இழப்பீட்டை விகிதப்படி குறைப்பார்கள்: 1,200 பவுண்டு கட்ட வேண்டியவர் 600 கட்டியிருந்தால், 4,000 பவுண்டு சேதத்துக்கு 2,000 கிடைக்கும். உண்மை தெரிந்திருந்தால் பாலிசியே கொடுத்திருக்கமாட்டோம் என்று நிறுவனம் நிரூபித்தால் அதுவும் இல்லை. கட்டிய பிரீமியம் மட்டும் திரும்பும். வேண்டுமென்றே பொய் சொன்னவருக்கு இழப்பீடும் இல்லை, பெரும்பாலும் பிரீமியமும் திரும்பாது. எதிரே வந்து அடிபட்டவருக்கு நிறுவனம் கொடுக்க நேர்ந்தால், அந்தத் தொகையைப் பொய் சொன்னவரிடமே வசூலிக்க வரும்.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. அடுத்த முறை விண்ணப்பிக்கும்போது, ‘உங்கள் பாலிசியை எந்த நிறுவனமாவது ரத்துசெய்ததுண்டா?’ என்று கேட்பார்கள். 1974-ஆம் ஆண்டுச் சட்டம் தண்டனைகளைத்தான் காலாவதியாக்குகிறது. ரத்தான பாலிசியை அல்ல. ஓராண்டில் தானாகவே மறையவிருந்த ஒன்றை மறைக்கப்போய், எந்தச் சட்டமும் மறைக்காத ஒன்றைத் தலையில் ஏற்றிக்கொள்கிறார்கள்.

மனைவி பெயரிலோ அம்மா பெயரிலோ பாலிசி எடுத்துவிட்டுத் தினமும் தானே ஓட்டுவதும் இதே வகைதான். பிரிட்டனில் உள்ள நம் குடும்பங்களிலும் பிள்ளைகளுக்காக இப்படிச் செய்கிறவர்கள் உண்டு. முதன்மை ஓட்டுநர் யார் என்பதில் பொய் சொல்வது மோசடி. அது வெளிப்பட்டால் குற்றமே செய்யாத அந்த அம்மாவின் பெயரும் கெட்டுப்போகும்.

அப்படியானால் கட்டுப்படியாகிற விலை எங்கே கிடைக்கும்? ஒப்பிடும் தளங்களை விட்டுவிட்டு, தண்டனை பெற்றவர்களுக்கென்றே பாலிசி ஏற்பாடு செய்யும் தரகர்களிடம் போக வேண்டும். அவர்களுடைய பட்டியலை அன்லாக் வைத்திருக்கிறது; பிரிட்டிஷ் இன்சூரன்ஸ் தரகர் சங்கமும் பொருத்தமானவரிடம் வழிகாட்டிவிடும். தளத்தில் இருப்பது டிக் போடும் பெட்டி மட்டுமே. தொலைபேசியில் ஒரு மனிதரிடம் என்ன குற்றம், எத்தனை ஆண்டாயிற்று, இப்போது என்ன வேலை என்று சொல்ல முடியும். குடித்து ஓட்டித் தடை பெற்றவர், நீதிமன்றம் பரிந்துரைக்கும் மறுவாழ்வு வகுப்பை முடித்தால் தடைக்காலத்தில் கால்பங்கு வரை குறையும். சில நிறுவனங்கள் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும். சின்ன எஞ்சின் வண்டி, ஓட்டும் விதத்தைப் பதிவுசெய்யும் கருப்புப் பெட்டி இரண்டும் உதவலாம். சாப்பாடு டெலிவரி வேலைக்குச் சாதாரண பாலிசி செல்லாது, அதைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

இவ்வளவும் செய்தாலும் பட்ட காலிலேயே படும். விபத்தில்லாமல் பல வருடம் ஓட்டியவருக்குச் சேர்ந்திருக்கும் ‘நோ கிளெய்ம்ஸ்’ தள்ளுபடி, பாலிசி இல்லாமல் இரண்டாண்டு கழிந்தால் பொதுவாகப் போய்விடும். சிறையில் இருந்தவருக்கு அது போயே போயிற்று. எந்த நீதிபதியும் விதிக்காத அபராதம் இது. மாதத் தவணையில் கட்டலாம் என்றால் வட்டி உண்டு, கடன் தகுதியும் பார்ப்பார்கள். சிறையை விட்டு வெளியே வரும்போது கையில் கொடுக்கப்படும் தொகை பல்லாண்டுகளாக 46 பவுண்டாகவே இருந்து, 2021-இல்தான் 76 ஆனது. பிரிட்டனில் 2023-இல் எல்லாருக்குமான சராசரி கார் இன்சூரன்ஸ் கட்டணமே 543 பவுண்டு. சிறைவாசலில் கிடைக்கும் அந்தக் காசு பலருக்கு முதல் தவணைக்குக்கூடப் போதாது. வேலை கொடுக்கும் நிறுவனங்களும் நன்னடத்தை அலுவலகங்களும் முதல் பிரீமியத்துக்கு வட்டியில்லா முன்பணம் கொடுத்தால் எத்தனையோ பேர் வேலையில் நிலைப்பார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

தண்டனை காலாவதியாகும் நாளை நிறுவனம் தானாகக் கவனிக்காது. பழைய விவரங்களோடு பாலிசி தன்பாட்டுக்குப் புதுப்பித்துக்கொள்ளும், பழைய ‘ஆம்’ அப்படியே தொடரும். ஆகவே அந்தத் தேதி கடந்ததும் போன் செய்து பதிலை மாற்றச் சொல்லி, புது விலை கேட்க வேண்டும். மற்ற இடங்களிலும் விசாரிக்க வேண்டும். காலாவதியான தண்டனையைக் காட்டி மறுத்தாலோ விலை ஏற்றினாலோ எழுத்தில் புகார் கொடுக்கலாம். நிறுவனத்துக்கு எட்டு வாரம் அவகாசம். பதில் திருப்தியாக இல்லையென்றால், அந்தப் பதில் வந்த ஆறு மாதத்துக்குள் நிதிச்சேவைகளுக்கான குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை.

(தொடரும்)