மரச்சீனியும் ஆராய்ச்சியும்

குமரி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தை அடுத்துத் திருவட்டாறு என்னும் ஊர் உள்ளது. ஆறு வட்டமாகச் சூழ்ந்து செல்வதால் வட்டாறு எனப் பெயர் பெற்றது என்பர். அங்கே பள்ளிகொண்டுள்ள ஆதிகேசவப் பெருமாளை வணங்க வருவோர் சுற்றுப்புறத்தை நோக்கின், தாழ்ந்த நிலங்களில் நெல்லும் வாழையும், மேட்டு நிலங்களில் தென்னையும் இரப்பரும் காண்பர். அவற்றிடையே ஆள் உயரத்திற்கு வளர்ந்து, கைவிரல்களை விரித்தாற்போன்ற இலைகளையுடைய ஒரு செடியும் அவர் கண்ணுக்குப் புலப்படும். அதுவே மரச்சீனி.

பிற மாவட்டத்தார் இதனை மரவள்ளி என்பர். சேலத்தார் குச்சிக்கிழங்கு என்பர். மலையாளிகள் கப்பை என்பர். மரச்சீனி என்னும் பெயரைப் பிரித்துப் பொருள் காணப் புகுந்தால் ஏமாற்றமே மிஞ்சும். அது மரமும் அன்று, சீனியும் அன்று, சீன நாட்டினின்று வந்ததும் அன்று. தென்னமெரிக்காவே அதன் தாயகம். போர்ச்சுகீசியரின் மரக்கலங்கள் வழியே அது கீழைநாடுகளை அடைந்தது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர், பஞ்சத்தைத் தாங்கும் பயிர் இஃதென உணர்ந்து, இதனைப் பயிரிடுமாறு குடிகளை ஊக்கினார். இன்றைய குமரி மாவட்டம் 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள்வரை திருவிதாங்கூரோடும், அதன் பின் அமைந்த திருவிதாங்கூர்–கொச்சியோடும் இணைந்திருந்தது. ஆதலின் மன்னர் இட்ட வித்து இங்கும் வேர்கொண்டது. 1942ஆம் ஆண்டில் பருமா சப்பானியர் கையில் வீழ, அங்கிருந்து வந்த அரிசி நின்றுபோயிற்று. அந்நாளில் பல குடும்பங்களின் அடுப்பில் பொழுதுதோறும் வெந்தது மரச்சீனியே.

ஏழையின் பசியை ஆற்றிய இக்கிழங்கின்மேல் பெரும் பழி ஒன்று எழுந்தது. அப்பழி எவ்வாறு எழுந்தது, எவ்வாறு ஆராயப்பட்டது, எத்தனை துறையினர் அதற்கெனக் கைகோத்தனர் என்பது அறியத்தக்க வரலாறு.

திருவட்டாற்றிற்குத் தெற்கே சில கல் தொலைவில் நெய்யூர் உள்ளது. இலண்டன் மிஷன் சங்கத்தார் 1838ஆம் ஆண்டிலேயே அங்கு மருத்துவப் பணி தொடங்கினர். 1922ஆம் ஆண்டில் எவரெஸ்டு மலைமேல் ஏற முயன்ற குழுவில் தியோடர் ஹோவர்டு சோமர்வெல் என்னும் ஆங்கில அறுவை மருத்துவர் ஒருவர் இருந்தார். மலையினின்று இறங்கிய பின் அவர் இந்தியாவைச் சுற்றிப் பார்த்தார். நெய்யூருக்கும் வந்தார். நோயாளிகள் கூட்டமாகக் காத்திருப்பதையும், அவர்களுக்குப் போதிய மருத்துவர் இன்மையையும் கண்டார். இலண்டனில் தமக்குக் காத்திருந்த பெரும்பதவியைத் துறந்து நெய்யூரிலேயே தங்கிவிட்டார். 1924இல் மீண்டும் எவரெஸ்டுக்குச் சென்று ஏறத்தாழ 28,000 அடிவரை ஏறினார் எனினும், அவர் வாழ்நாளின் பெரும்பகுதி கழிந்தது மலைமேல் அன்று. கல்குளம், விளவங்கோட்டு மக்களின் நோய்ப்படுக்கை அருகேயாம்.

அங்கே அவரை வியப்பில் ஆழ்த்தியது ஒரு நோய். இரைப்பையை அடுத்த முன்சிறுகுடலில் புண் தோன்றும். பசித்த வேளையில் வயிறு எரியும். இரவில் உறக்கம் கெடும். ஆண்டுகள் செல்லச் செல்லப் புண் ஆறித் தழும்பாகி, அத்தழும்பு சுருங்கி வழியை அடைத்துவிடும். உண்டது கீழிறங்காது, வாந்தியாகும், உழைக்கும் உடல் எலும்புக்கூடாகும். வடநாட்டில் அரிதாகக் காணப்பட்ட இந்நோய் தென்திருவிதாங்கூரில் பன்மடங்கு மிகுந்திருந்தது. சோமர்வெல்லும் அவருடன் பணியாற்றிய ஓர் என்னும் மருத்துவரும் இரைப்பையையும் சிறுகுடலையும் வேறோர் இடத்தில் இணைத்து உணவுக்குப் புதுவழி அமைக்கும் அறுவையை ஆயிரக்கணக்கானோர்க்குச் செய்தனர். செய்ததோடு அமையவில்லை. நோயாளி எவ்வூரார், என்ன தொழிலர், நாள்தோறும் என்ன உண்பவர் என்பனவற்றையும் கேட்டுக் குறித்தனர். கத்தியைக் கீழே வைத்த கை எழுதுகோலை எடுத்தமையாலேயே அவர்தம் பணி ஆராய்ச்சியாயிற்று.

குறிப்புகள் ஒன்றைச் சுட்டின. நோய் மிக்க இடத்தில் மரச்சீனி உண்போரும் மிக்கிருந்தனர். குன்னூரில் உணவாராய்ச்சி செய்துகொண்டிருந்த இராபர்ட்டு மக்காரிசன் என்னும் அறிஞர் இதனைச் சோதிக்க முற்பட்டார். வெள்ளெலிகளைப் பல கூட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்திற்கும் இந்தியாவின் ஒவ்வொரு பகுதியார் உண்ணும் உணவை அளித்தார். கோதுமை அப்பம், பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி ஆகியவற்றாலாகிய சீக்கியர் உணவைப் பெற்ற எலிகள் நலமாக வளர்ந்தன. தென்திருவிதாங்கூர் ஏழைகளின் மரச்சீனி உணவைப் பெற்றவற்றில் காற்பங்கிற்கு மேற்பட்ட எலிகளுக்கு வயிற்றுப்புண் தோன்றியது. குற்றவாளி அகப்பட்டுவிட்டான் எனப் பலர் கருதினர்.

நம் முன்னோர் காகதாலீய நியாயம் என ஒன்று கூறுவர். பனைமேல் காகம் வந்து அமர்ந்தது; அக்கணமே பனம்பழம் வீழ்ந்தது. காகமே பழத்தை வீழ்த்தியது என்று கொள்ளலாமா? மரச்சீனி வழக்கிலும் இவ்வினாவை எழுப்புதல் வேண்டும். மரச்சீனி உண்டவர் ஏழையர். அவர்க்குப் பால் இல்லை, பருப்பு குறைவு, கீரையும் காயும் அரிது. எலிகளின் உணவிலும் அக்குறைகள் அனைத்தும் இருந்தன. புண்ணை உண்டாக்கியது தட்டில் இருந்த கிழங்கா, தட்டில் இல்லாத பிற உணவுகளா? அன்றியும், எலியின் இரைப்பையில் சுரப்பியற்ற பகுதியொன்று உண்டு; மனிதன் இரைப்பையில் அஃதில்லை. எலிக்குப் பொருந்தியது மனிதனுக்கும் பொருந்தும் என ஐயமின்றிக் கூறவியலாது.

இவ்வினாவிற்கு விடைகாண, உயிருள்ள மனிதனின் இரைப்பைக்குள் கண் செல்ல வேண்டும். அவ்வழியைத் திறந்தவர் மருத்துவர் அல்லர், ஒளியியல் அறிஞர். 1954ஆம் ஆண்டில் இலண்டனில் ஹாப்கின்சு என்பாரும், பஞ்சாபில் பிறந்த நரீந்தர் சிங் கபானி என்பாரும், மயிரினும் மெல்லிய கண்ணாடி இழைகளைக் கற்றையாகக் கட்டி, அக்கற்றை வளைந்திருந்தாலும் அதன் வழியே உருவத்தைக் கொண்டு செல்லலாம் எனக் காட்டினர். அதனைப் படித்த ஹிர்ஷோவிட்சு என்னும் அமெரிக்க மருத்துவர் இழைக்கற்றையால் வளையும் அகநோக்குக் கருவியொன்றை அமைத்து, 1957இல் முதலில் தம் தொண்டைக்குள்ளேயே அதனைச் செலுத்திப் பார்த்தார். பின்னர் அக்கருவியின் துணையால் இரைப்பையின் உட்சுவரில் ஒரு நெல்முனையளவு தசையைக் கிள்ளி எடுத்து நுண்ணோக்கியில் காண்பது எளிதாயிற்று.

அவ்வாறு எடுத்த தசைத் துணுக்குகளை ஆத்திரேலியாவின் பெர்த்து நகரில் இராபின் வாரன் என்பவர் ஆராய்ந்தபோது, 1979ஆம் ஆண்டில், சுருள்வடிவ நுண்ணுயிர்கள் அவற்றில் ஒட்டியிருக்கக் கண்டார். இரைப்பையின் கடும்புளிப்பில் எவ்வுயிரும் வாழாது என்பது அந்நாளைய கொள்கை. பாரி மார்ஷல் என்னும் இளைஞர் அவருடன் சேர்ந்து அந்நுண்ணுயிரை வளர்க்க முயன்றார். இரண்டு நாளில் ஒன்றும் முளையாவிடில் வளர்ப்புத் தட்டுகளை எறிந்துவிடுவது ஆய்வுக்கூட வழக்கம். 1982ஆம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறையால் தட்டுகள் எறியப்படாமல் ஐந்து நாள் கிடந்தன. திறந்து பார்த்தால் நுண்ணுயிர் வளர்ந்திருந்தது! விடுமுறையும் சில வேளைகளில் கல்விக்கு உதவும் போலும். மார்ஷல் 1984இல் அந்நுண்ணுயிர்க் கரைசலைத் தாமே பருகி, இரைப்பை அழற்சிக்கு ஆளாகி, தம் கூற்றை மெய்ப்பித்தார். இருவருக்கும் 2005ஆம் ஆண்டில் நோபெல் பரிசு கிடைத்தது. சோமர்வெல் காலத்தில் வயிற்றைக் கிழித்துச் செய்த மருத்துவத்தை, இன்று பெரும்பாலான நோயாளிகட்கு இரண்டு வார அளவில் உட்கொள்ளும் மருந்துகள் செய்துவிடுகின்றன.

அங்ஙனமாயின் மரச்சீனி முற்றும் பழியற்றதா? அவ்வாறு விரைந்து கூறலும் பிழையே. அந்நுண்ணுயிர் வடஇந்தியரிடத்தும் மிகுதி, தென்னிந்தியரிடத்தும் மிகுதி. புண்ணோ தெற்கில் மிக்கிருந்தது. மைசூரில் பணியாற்றிய பிராங்கு டோவி என்னும் அறுவை மருத்துவர் இதனைச் சுட்டிக் காட்டினார். கோதுமையும் சிறுதானியமும் பருப்பும் உண்ணும் பகுதிகளில் புண் குறைவு. தீட்டிய அரிசியும் மரச்சீனியும் உண்ணும் பகுதிகளில் மிகுதி. முன்னவற்றில் இரைப்பையைக் காக்கும் கொழுப்புப் பொருள்கள் உள்ளன என அவரும் அவர்தம் குழுவினரும் ஆய்ந்து கூறினர். நெய்யூர் மருத்துவர் கண்ட காட்சி மெய்; அதற்குச் சொல்லப்பட்ட காரணமே திருத்தம் பெற்றது.

கிழங்கின்மேல் வேறொரு பழியும் வந்தது. கணையத்தில் கல் சேர்ந்து, அதனால் நீரிழிவும் உண்டாகும் ஒருவகை நோய் கேரளத்தில் மிகுந்திருந்தது. கீவர்கீஸ் என்னும் மருத்துவர் அந்நோயைப் பற்றி விரிவாக ஆராய்ந்து 1968இல் ஒரு நூல் வெளியிட்டார். அந்நோய்க்கும் மரச்சீனியே காரணம் என்னும் எண்ணம் பரவியது. ஆனால் மரச்சீனியை அறியாத ஊர்களிலும் அந்நோய் காணப்பட்டது. சென்னை ஆராய்ச்சியாளர் எலிகளுக்கு நெடுங்காலம் மரச்சீனி ஊட்டிப் பார்த்து, கணைய நோயோ நீரிழிவோ தோன்றவில்லை என 2000ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பின்னர் நோயாளிகளின் மரபணுக்களை ஆராய்ந்தபோது, கணையத்தைக் காக்கும் ஒரு மரபணுவில் நேர்ந்த மாற்றம் அவருள் பலரிடம் இருத்தல் புலனாயிற்று.

இனி, மெய்யான குற்றம் ஒன்றும் உண்டு. மரச்சீனியில் இலினமாரின் என்னும் பொருள் இருக்கிறது. இலையோ கிழங்கோ நசுங்கும்போது அச்செடியிலேயே உள்ள நொதி அதனோடு கலந்து, சயனைடு என்னும் நஞ்சைத் தோற்றுவிக்கிறது. ஆடுமாடுகள் இலையை மிகுதியாக மேய்ந்து மடிவது இதனாலேயே. 1981ஆம் ஆண்டில் ஆப்பிரிக்காவின் மொசாம்பிக்கு நாட்டில், மழை பொய்த்து, கசப்புக் கிழங்கைத் தவிர வேறு உணவின்றித் தவித்த மக்கள், அதனைப் பலநாள் உலர்த்திப் பக்குவப்படுத்தப் பொறுமையின்றி உண்டனர். ஆயிரத்திற்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் பெண்டிரும் குழந்தைகளும், கால் முடங்கிப் போயினர். அந்நோய்க்குக் கொன்சோ என்று பெயர். ஒருமுறை முடங்கிய கால் மீள்வதில்லை.

இதனைத் தடுத்த முறை மிக எளிது. ஆத்திரேலிய வேதியியலறிஞர் பிராட்பரி என்பாரும் அவர் குழுவினரும், கிழங்கு மாவை நீரால் நனைத்து, பாயில் மெல்லியதாகப் பரப்பி, நிழலில் ஐந்து மணி நேரம் வைத்தால் நஞ்சு ஆவியாக நீங்கிவிடும் எனக் கண்டு வெளியிட்டனர். காங்கோ நாட்டுச் சிற்றூர்களில் தாய்மாரை அழைத்து, அவர்தம் மொழியிலேயே படங்காட்டி இதனைக் கற்பித்தனர். கற்பித்த காலத்தில் அவ்வூர்களில் கொன்சோவால் புதிதாக எவரும் முடங்கவில்லை. வேதியியல் கண்டது மருந்தாயிற்று எனின், அதனை மருந்தாக்கியது கல்வி அன்றோ?

குமரி மாவட்டத்தில் வளர்வன பெரும்பாலும் நஞ்சு குறைந்த இனங்கள். திருவனந்தபுரத்தை அடுத்த சிறீகாரியத்தில் 1963ஆம் ஆண்டு நிறுவப்பட்ட நடுவண் கிழங்குப்பயிர் ஆராய்ச்சி நிலையம் நல்லினங்கள் பலவற்றைத் தோற்றுவித்துள்ளது. 1977இல் வெளியிட்ட இனத்திற்குப் பழைய மன்னரை நினைந்து சிறீ விசாகம் எனப் பெயரிட்டனர். மரச்சீனியின் மரபுநூல் ஏறத்தாழ 75 கோடி எழுத்துகளால் ஆனது. அது துண்டு துண்டாகவே படிக்கப்படும். அத்துண்டுகளைக் கோத்து வரிசைப்படுத்துதல் மனிதர் கைக்கு அடங்காது. கணிப்பொறிகளே அதனைச் செய்தன. 2012இல் அதன் விவரம் வெளியாயிற்று. நஞ்சைச் சமைக்கும் மரபணுக்கள் எவை, நோயைத் தாங்கும் மரபணுக்கள் எவை எனப் பயிரியலார் இன்று அவ்வரிசையிலேயே தேடுகின்றனர்.

சிறீகாரியத்து அறிஞர் சமையல் முறைகளையும் அளந்து பார்த்தனர். கிழங்கைப் பெருந்துண்டாக வேகவைத்தால் நஞ்சின் பெரும்பகுதி உள்ளேயே தங்கிவிடும். சிறுதுண்டாக நறுக்கி, மிகுந்த நீரில் வேகவைத்தால் பெரும்பகுதி நீரில் கரைந்துபோகும். சுடுதலும் பொரித்தலும் அத்துணைப் பயன் தருவதில்லை. மேலும், உடலிற் புகுந்த சிறிதளவு நஞ்சையும் தீமை குறைந்த பொருளாக மாற்றுதற்குக் கந்தகம் வேண்டும். அது மீன், பருப்பு போன்ற புரத உணவுகளினின்றும் கிடைக்கும்.

திருவட்டாற்று மூதாட்டியர் இவற்றுள் எதனையும் ஏட்டில் படித்தவர் அல்லர். எனினும் தோலைச் சீவிக் களைவர். கிழங்கைச் சிறிதாக நறுக்குவர். பானையை மூடாது கொதிக்கவிடுவர். வெந்த நீரை முற்றத்து ஓரத்தில், கோழியும் ஆடும் அணுகாத இடத்தில் கொட்டுவர். அதன் பின்னரே உப்பிட்டு, மீன்கறியோடு பிள்ளைகட்குப் பரிமாறுவர்.